பாபகூராவில் அண்ணன் இல்லாத ஒருத்தி

ஹில்ஸ்பரோ, ஓக்லாந்து
11 பெப்ரவரி 2024

அன்புள்ள கேதீஸ் மாமாவுக்கு,

லக்ஷிகா எழுதுறன். இஞ்ச அம்மா சுகம், அப்பா சுகம், அப்பாவின்ர முழங்கால் மட்டும் அவரோட கோவிச்சுக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துது. உங்கட சுகம் எப்படி?

நீங்கள் போன் எடுத்தால் அட்டையில இருக்கிற மூன்று நிமிசத்தில இரண்டரை நிமிசம் அம்மா அழுறா. மிச்ச அரை நிமிசத்தில "சாப்பிட்டியோ" என்று கேக்கிறா. பதில் வரமுதல் லைன் அறுந்திடுது. ஆகவே இனிக் கடிதம்தான் என்று வீட்டு மந்திரிசபை முடிவெடுத்து, எழுத்து மந்திரியாக என்னை நியமிச்சிருக்கு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பத்து வருசம் அனுபவிச்சதுக்கு இப்பதான் ஒரு பதவி.

அந்தப் பள்ளிக்கூடத்தில இப்ப எனக்கு நல்ல பேர் இல்லை. போன மாசம் ஃபோட்டோகொப்பி மெசினில "இது குரலால் இயங்கும், தூய தமிழில் மட்டும் கதைக்கவும்" என்று ஒரு தாள் ஒட்டினன். புஷ்பவதி ரீச்சர் அதுக்கு முன்னால நிமிர்ந்து நின்று "படி எடு!" என்று மூன்று தரம் கட்டளையிட்டா. நாலாவது தரம் "தயவுசெய்து" என்றும் சேர்த்தா. மெசின் அசையேல்லை, நான் பிடிபட்டன்.

உங்கட முகாமின்ர கடித விதிகளை வாசிச்சன். ஸ்டிக்கர் கூடாது, மினுங்குற மை கூடாது, எல்லாத்தையும் திறந்து பார்ப்பினமாம். பார்க்கிற ஐயாவுக்கு வணக்கம்! உள்ளுக்குக் கேக் இல்லை, கேக்குக்குள்ள கம்பி அறுக்கிற அரமும் இல்லை.

அம்மா எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: எங்கட ஊர் நெல்லியடியை விட்டு வெளிக்கிட்டு, தென் அமெரிக்காவில இறங்கி, காடு நடந்து, டிசம்பரில மெக்சிக்கோ எல்லை மதிலில ஒரு இடைவெளியால அமெரிக்காவுக்குள்ள வந்து அடைக்கலம் கேட்டியள். இப்ப கலிபோர்னியாப் பாலைவனத்தில ஒரு தடுப்பு முகாமில இருக்கிறியள். எப்ப விசாரணை என்று கேட்டால் அம்மா அடுப்பைப் பார்க்கிறா. அகதி என்ற சொல்லுக்குள்ள கதி இருக்கு, என்ன கதி என்றுதான் ஒருத்தரும் சொல்லுறதில்லை. நீங்களாவது தேதியை எழுதுங்கோ.

வாலைச் சுருட்டி வைச்சுக்கொண்டு எழுதும்
மருமகள் லக்ஷிகா


9 மார்ச் 2024

அன்பு மருமகள் லக்ஷிகாவுக்கு மாமா எழுதுவது,

நான் நலம். நீங்கள் மூவரும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். அத்தானின் முழங்காலுக்கும் சேர்த்துத்தான். "படி எடு" என்ற இடத்தில் நான் சிரித்த சிரிப்புக்கு மண்டபமே திரும்பிப் பார்த்தது. இங்கே சிரிப்புச் சத்தம் கேட்டால் ஆருக்கோ விடுதலை என்று நினைப்பார்கள்.

இந்த மண்டபத்தில் அறுபது கட்டில். நாற்பதில் சீனர்கள். எல்லாரும் நான் வந்த வழியால் வந்தவர்கள்தான். காட்டில் எனக்குத் தமிழ் கதைக்க ஒருவரும் இருக்கவில்லை. ஒரு சீனக் கூட்டம் தங்களோடு நடக்க விட்டது. அதில் ஒருவர் ஃபாங். நாற்பத்தாறு வயது, பேக்கரி வைத்திருந்தவர். இப்போது என் பக்கத்துக் கட்டில். இருவருக்கும் இங்கிலீசு முடம், ஆனாலும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடக்கிற அளவுக்குப் போதும். அவரை ஃபாங் அண்ணை என்று கூப்பிடுகிறேன்.

2022 நவம்பரில் அவர்களுடைய நகரத்தில் கொரோனா முடக்கத்தை எதிர்த்துச் சனங்கள் வெறும் வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். இவரும் நின்றார். தாளில் ஒரு எழுத்தும் இல்லை. எழுதாததற்கே பொலிஸ் இரண்டு தரம் கூட்டிக்கொண்டு போனது. பிறகு கடையும் பூட்டுப்பட்டது. அவர் அங்கே நின்றதற்குச் சாட்சி ஒரேயொரு படம். அது இருந்த போன் காட்டாற்றோடு போய்விட்டது.

அதே படம் அவருடைய தங்கையிடம் இருக்கிறது. பெயர் மெய். போன வருடம் வேலை விசாவில் ஓக்லாந்துக்கு வந்தவ. விரி என்ற இடத்தில் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் வேலை, பாபகூராவில் குடியிருப்பு. அவவுக்கு எழுதச் சொன்னால் ஃபாங் அண்ணை மாட்டேன் என்கிறார், காரணமும் சொல்கிறாரில்லை. அவர் குளிக்கப் போன நேரம் அவருடைய கொப்பியைப் பார்த்து முகவரியை எடுத்தேன். கீழே எழுதியிருக்கிறேன். நீ போய் அந்தப் படத்தையும், தன் அண்ணன்தான் என்று அவ கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் வாங்கி அனுப்பவேண்டும். அவருக்கு வழக்கறிஞர் இல்லை. தபாலில் வருவதுதான் சாட்சி.

விசாரணை ஜூன் 18. படம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே இறங்கியதும் அவரை எங்கே கொண்டுபோவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பகிடி விடாமல் போ, பிள்ளை. மற்றபடி எழுத ஒன்றுமில்லை. அக்காவை அழவேண்டாம் என்று சொல்.

மாமா
கேதீஸ்வரன்


3 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சுகம். நீங்களும் ஃபாங் அண்ணையும் சுகமாக இருப்பியள் என்று வைச்சுக்கொண்டு தொடங்குறன். உங்கட விசாரணைத் தேதியைக் கேட்டன், ஃபாங் அண்ணையின்ர தேதியை எழுதியிருக்கிறியள். தபால்காரர் மாறிப் போட்டிட்டார்போல.

சனிக்கிழமை ரயிலில பாபகூராவுக்குப் போனன். வழியில விரி. பேர்தான் விரி, ஆனா பாய் விரிக்கக்கூட இடமில்லை, கண்ணுக்கெட்டின தூரம் களஞ்சியமும் லொறியும்தான். தெரியாத ஆளுக்கு ஆரும் கதவு திறக்கமாட்டினம் என்று யோசிச்சு, பக்கத்து வீட்டு நிதின் அண்ணாவின்ர கூரியர் உடுப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டன். நிதின் அண்ணா கோயம்புத்தூர்க்காரர். "எதுக்கும்மா இது?" என்றார். "நாடகம் அண்ணா" என்றன். பொய்யில்லைத்தானே? கையில ஒரு வெறும் பெட்டி.

கதவு திறந்தது. மெய் அக்கா சின்ன ஆள், முப்பத்தைஞ்சு வயது இருக்கும். படம் அவவிட்ட இருக்காம். எடுத்துத் தருவாவாம். அவ்வளவுதான் கதை.

யோசிக்கவேண்டாம் என்று ஃபாங் அண்ணையிட்டச் சொல்லுங்கோ. படம் பின்னால வரும். நேரமில்லை, நாளைக்குக் கணிதச் சோதனை.

லக்ஷிகா


25 ஏப்ரல் 2024

அன்பு மருமகளுக்கு,

நான் நலம். உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் வேண்டுதல். திங்கட்கிழமை எனக்கு வேறு ஒரு அலுவல் இருந்தது. முடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது கட்டிலில் உன் கடிதம் கிடந்தது. அன்றைக்கு அது வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

ஃபாங் அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன். கொப்பியைப் பார்த்ததையும், உன்னை அனுப்பியதையும். முதலில் என்னைச் சீன மொழியில் ஏசினார். ஏச்சு எந்த மொழியிலும் விளங்கும். பிறகுதான் காரணம் வந்தது. தங்கை புறப்பட்ட நாள் இருவரும் பஸ் நிலையத்தில் அவித்த சோளம் ஒன்றை இரண்டாக முறித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அப்போது இவர் சொன்னாராம்: "இனி ஆர் கேட்டாலும் எனக்கு அண்ணன் இல்லை என்று சொல். எனக்கும் தங்கை இல்லை." தங்கை சோளத்தை வாயில் வைத்துக்கொண்டே தலையாட்டினாவாம். அவர்களுடைய தாய் இன்னும் ஊரில்தான். மகளுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு கரைச்சலும் வராமல் இருந்தால்தான் அவ போய்த் தாயைப் பார்க்கலாம்.

நீ எழுதியது போல் அவவே படம் தருகிறேன் என்றா என்று சொன்னதும் மனுசன் குந்தியிருந்து அழுதார். நேற்று ஆரம்ப விசாரணை. "சாட்சி தேட இன்னும் அவகாசம் வேண்டுமா" என்று நீதிபதி கேட்டாராம். இவர் "வேண்டாம், வருகிறது" என்று சொல்லிவிட்டார். இனித் தேதி மாறாது, ஜூன் 18தான்.

பெரிய காரியம் செய்திருக்கிறாய், லக்ஷி. படத்தை விரைவாக அனுப்பு.

மாமா


14 மே 2024

மாமா,

நான் பொய் எழுதினன். மெய் அக்கா படம் தாறன் என்று சொல்லவேயில்லை.

நடந்தது இதுதான். கதவைச் சங்கிலியோட இவ்வளவுதான் திறந்தா. நான் "உங்கட அண்ணன் ஃபாங் அமெரிக்காவில பிடிபட்டிருக்கிறார், உங்களிட்ட இருக்கிற படம் ஒன்று வேணும்" என்று மனப்பாடம் செய்ததை ஒப்புவிச்சன். அவ என்ர உடுப்பைப் பார்த்தா. பெட்டியை வாங்கிக் கிலுக்கிப் பார்த்தா. வெறும் பெட்டி. "எனக்கு அண்ணன் இல்லை" என்றா. "திரும்ப வந்தால் பொலிஸுக்குப் போன் அடிப்பன்" என்றா.

பிறகுதான் வகுப்பில ஒரு சீனப் பிள்ளை சொன்னாள். இஞ்ச சீன ஆக்களைப் போனில ஏமாத்துற கூட்டம் ஒன்று இருக்காம். "உங்கட சொந்தக்காரர் பிடிபட்டிட்டார்" என்றுதான் அவங்களும் தொடங்குவாங்களாம். நான் வேஷமும் கட்டிக்கொண்டு போய் அதே வசனத்தைச் சொல்லியிருக்கிறன்.

பேர் மெய், சொல்லுறது பொய் என்று திரும்பி வரேக்க ரயிலில எனக்குச் சிரிப்பு வந்தது. இப்ப வருகுதில்லை. தோத்துப்போனன் என்று எழுதக் கை வரேல்லை மாமா. அடுத்த கிழமை எப்படியும் வாங்கிப்போட்டால் எழுதினது உண்மையாகிவிடும் என்று நினைச்சன். இரண்டு தரம் போனன். உள்ளுக்கு லைட் எரிஞ்சது, கதவு திறக்கேல்லை.

நீங்கள் அதை அவரிட்டச் சொல்லுவியள் என்று நினைச்சன்தான். அதை நம்பி அவர் நீதிபதியிட்ட அவகாசம் வேண்டாம் என்பார் என்று நினைக்கேல்லை. திரும்ப அவகாசம் கேக்க ஏலாதோ? கேக்கச் சொல்லுங்கோ. இதைக் கூரியரில அனுப்புறன். உடன பதில் போடுங்கோ. ஏசியாவது போடுங்கோ.

லக்ஷிகா


27 மே 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சுகமோ? உண்மையாகத்தான் கேக்கிறன். பதிலும் இல்லை, போனும் இல்லை. அம்மா போனைக் குளியலறைக்கும் கொண்டுபோறா.

நேற்று ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போனன். என்ர உடுப்பு, என்ர முகம். கையில உங்கட ஏப்ரல் கடிதம் மட்டும். கதவுக்கு முன்னால நின்று தட்டாமல் இங்கிலீசில சத்தமாகச் சொன்னன்: "என்ர பேர் லக்ஷிகா. போன முறை வேஷம் போட்டு வந்தது பிழை. என்ர மாமா உங்கட அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில இருக்கிறார். அவர் எழுதினதை ஒருக்கா வாசிக்கிறன், பிறகு போயிடுறன்." பிறகு அந்தச் சோளக் கதையை வரிவரியாக மொழிபெயர்த்து வாசிச்சன். "அவித்த சோளம்" என்ற இடத்தில உள்ளுக்கு ஏதோ விழுந்த சத்தம். "எனக்கும் தங்கை இல்லை" என்ற இடத்தில சங்கிலி கழன்றது.

அவ முதல் கேட்டது படத்தைப் பற்றியில்லை. "பல்லு வலி சுகமோ அவனுக்கு?" என்று கேட்டா. எனக்குத் தெரியேல்லை. கேட்டு எழுதுங்கோ.

பிறகு போனில படத்தைக் காட்டினா. மழைத் தெரு. ஃபாங் அண்ணை தாளோட நிக்கிறார். பக்கத்தில, மாஸ்க் நாடிக்குக் கீழ இறங்கினபடி, அதே மாதிரித் தாளோட அவவே நிக்கிறா! அதுதான் பயம். படம் வழக்குக் கோப்புக்குள்ள போனால் எங்க போகும், ஆர் பார்ப்பினம் என்று ஆருக்குத் தெரியும்? இந்த ஓகஸ்டில தாயைப் பார்க்கப் போக ரிக்கற் எடுத்து வைச்சிருக்கிறா.

நான் கெட்டிக்காரி மாதிரி "உங்கட பக்கத்தை வெட்டிவிடலாமே" என்றன். அவ இல்லை என்று தலையாட்டினா. "வெட்டின படத்தைப் பார்த்தால் அங்க ஆர் நின்றது என்றுதான் முதல் கேப்பாங்கள். அவனைப் பொய்யன் என்பாங்கள்."

சனிக்கிழமை வரைக்கும் யோசிக்க நேரம் கேட்டா. நான் ஓம் என்றன். இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன்.

லக்ஷிகா


4 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தமுறை நான் எழுதுறதை நம்பமாட்டியள், அதனால சாட்சியோட எழுதுறன். கூரியர் ரசீது இலக்கம் கீழ இருக்கு.

சனிக்கிழமை காலமை எட்டு மணிக்கு எங்கட வீட்டு மணி அடிச்சது. மெய் அக்கா. இரவு வேலை முடிச்சு, களஞ்சியத்துக் கனத்த ஜக்கெற்றோடயே வந்திருந்தா. அம்மா கதவைத் திறந்து, ஆர் என்றும் கேக்காமல், "குளிருது, உள்ள வா பிள்ளை" என்று தமிழிலேயே கூப்பிட்டா. அவவும் வந்தா. அம்மா தோசை போட்டா. ஒருத்தர் கதைச்சது மற்றவவுக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனா நாலு தோசை போச்சு.

பிறகு மூன்று பேரும் நூலகத்துக்குப் போனம். அங்க சனிக்கிழமைகளில சமாதான நீதவான் ஒருத்தர் மேசை போட்டு இலவசமாகக் கையெழுத்தை உறுதிப்படுத்துவார். வயதான மனுசன். மெய் அக்கா பேனையை எடுத்திட்டு எழுதாமல் இருந்தா. பின்னால வரிசை நீண்டுகொண்டு போச்சு. அம்மா அவவின்ர முதுகில கையை வைச்சா. எழுதினா: "நான் மெய். படத்தில் இடப்பக்கம் நிற்பவர் என் அண்ணன். வலப்பக்கம் நிற்பது நான்."

நேற்று அரசர் பிறந்தநாள் லீவு, கூரியர் இல்லை. உறையைத் தலையணைக்குள்ள வைச்சுப் படுத்தன். இன்று போயிட்டுது. அடுத்த புதனுக்குள்ள வரவேணும்.

மாமா, ஒரு வரி. "கிடைத்தது" என்று ஒரு சொல். போதும்.

லக்ஷிகா


23 ஜூன் 2024

அன்பு மருமகள் லக்ஷிகாவுக்கு,

கிடைத்தது. ஃபாங் அண்ணை வென்றுவிட்டார்.

உன் உறை 13ஆம் திகதியே வந்துவிட்டது. தாள்களைச் சேர்த்துக் கம்பி ஊசி அடித்திருந்தாய். இங்கே உலோகம் கூடாது. அதற்காகத் தபால் அறையில் வைத்திருந்து 17ஆம் திகதி பின்னேரம் கொடுத்தார்கள்.

உன் மே 14 கடிதம் அதற்கு மூன்று கிழமை முந்தியே கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். வந்ததெல்லாம் ஏச்சு. கிழித்துப் போட்டேன். ஃபாங் அண்ணையிடம் சொல்ல எழும்பினேன், சொல்லவில்லை. அவர் பக்கத்துக் கட்டிலில் குழந்தைமாதிரி நித்திரை கொண்டார். நான் மூன்று கிழமையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஆகவே பொய் சொன்னது நீ மட்டுமில்லை.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவில்லை. அவருடைய போன் தானாக ஆற்றில் விழவில்லை. நான்தான் இழுபட்டுப் போனேன். ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவர் இரண்டு கையாலும் என்னைப் பிடித்தார்.

நீதிபதி படத்தைக் கனநேரம் பார்த்தாராம். "பக்கத்தில் நிற்பது யார்" என்று கேட்டாராம். மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தரமும் கேட்கவேண்டி வந்ததாம். பிறகு இவர் சொல்லியிருக்கிறார்: "என் தங்கை." அந்தச் சொல்லை ஒரு வருடத்துக்குப் பிறகு சொன்னதாக என்னிடம் வந்து சொன்னார். பல்லு இன்னும் வலிக்கிறதாம், பிடுங்கவேணும் என்று மெய்யிடம் சொல்லட்டாம். 20ஆம் திகதி வெளியே போய்விட்டார். தன் சோப்பையும் மூன்று நூடில்ஸ் பைக்கற்றையும் என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்.

என்னை வேறு மாநிலத்தில் ஒரு முகாமுக்கு மாற்றுகிறார்களாம். புது முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. நான் நலம். யோசிக்கவேண்டாம். நீ படி.

மாமா


14 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கட கடிதம் நேற்று வந்தது. வந்த கையோட ரயில் எடுத்து மெய் அக்காவிட்டப் போனன். அவவுக்கு அண்ணன் முதலே போன் எடுத்திட்டார், ஆனாலும் உங்கட கடிதத்தை முழுக்க வாசிக்கச் சொன்னா. ஓகஸ்ட் ரிக்கற்றை அவ கான்சல் பண்ணிட்டா. தாயிட்டக் களஞ்சியத்தில லீவு இல்லை என்று சொல்லியிருக்கிறா. எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தா. பிறகு கேட்டா: "உன்ர மாமாவின்ர வழக்கு என்னாச்சு?"

பெப்ரவரியில இருந்து கேக்கிறன், நீங்கள் ஃபாங் அண்ணையைப் பற்றியே எழுதுறியள்.

கடித உறையில உங்கட பேருக்குப் பக்கத்தில எழுதுற ஒன்பது இலக்கம் இருக்கெல்லோ? அதை அமுக்கினால் வழக்கு நிலைமையைச் சொல்லுற ஒரு தானியங்கி லைன் இருக்கு என்று மெய் அக்காதான் சொன்னா. ஃபாங் அண்ணை அதில கேட்டவராம். அவவின்ர சமையலறையில இருந்தே அடிச்சன். மெசின் ஒரு பொம்பிளைக் குரலில சொன்னது: ஏப்ரல் 22. நாடுகடத்த உத்தரவு. மேன்முறையீடு கிடைத்தது. முடிவு இல்லை. விளங்கேல்லை என்றால் ஒன்றை அமுக்கட்டாம். நான் ஏழு தரம் அமுக்கினன்.

அந்தக் கிழமைதான் எனக்கு "பெரிய காரியம் செய்திருக்கிறாய்" என்று எழுதியிருக்கிறியள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிட்டச் சொன்னன். அழுவா என்று நினைச்சன், அழேல்லை. அடுப்பை நிப்பாட்டிப்போட்டுக் கதிரையில இருந்தா. "அவனிட்டயும் சாட்சி இல்லைத்தானே" என்றா. பிறகு, "நெல்லியடியில ஒரு ஆள் இருக்கு. அண்டைக்குத் தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனதைக் கண்ட ஆள். வாய் திறக்காது" என்றா. ஆர் என்று கேட்டால், "அவனே எழுதட்டும், அவனுக்கு விருப்பமில்லாமல் நான் சொல்லமாட்டன்" என்கிறா. புதுச் சாட்சி வந்தால் வழக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேக்கலாமாம். இதை ஃபாங் அண்ணை வெளியில ஒரு வழக்கறிஞரிட்ட விசாரிச்சுத் தங்கைக்குச் சொல்லியிருக்கிறார். அவரும் உங்களுக்காகத் திரியிறார், தெரியுமோ?

பேரையும் வீட்டையும் எழுதுங்கோ மாமா. பள்ளிக்கூட லீவு போன கிழமை தொடங்கிட்டுது, இன்னும் ஒரு கிழமை இருக்கு. ஆனா உங்கட கடிதம் வந்துசேர ஓகஸ்ட் ஆகும். பரவாயில்லை, லீவு இல்லாட்டியும் வருவன். அம்மா இரண்டு பேருக்கும் கொழும்புக்கு ரிக்கற் பார்த்துக்கொண்டிருக்கிறா. அந்த ஆள் உங்களைத் தெரியாது என்று சொல்லட்டும், கதவைப் பூட்டட்டும். நாங்கள் வெளியில இருப்பம்.

கடைசியாக ஒன்று. இனி "நான் நலம்" என்று எழுதக்கூடாது. காலமை என்ன சாப்பிட்டியள், இரவு எத்தனை மணிக்குக் கண் மூடினது, அங்க பக்கத்துக் கட்டிலில ஆர், அதை எழுதுங்கோ.

உங்கட
லக்ஷிகா